எழுந்து நின்னு படிச்ச லிஸ்ட்

கரண்ட் வேலைக்குப் புதுசா வந்திருக்கற தம்பிங்களா, தங்கச்சிங்களா, கம்பத்துல எப்படி ஏறறது, எந்தக் கையால எதைப் புடிக்கிறதுன்னு சொல்லிக்குடுக்க ஒங்களுக்கு ஆளுங்க இருக்காங்க. நான் என் சர்வீஸ்ல ஒரு கம்பத்துலயும் ஏறினதில்ல. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாத்தாலே எனக்குத் தலை சுத்தும், பக்கத்துல நிக்கறவங்க கையைப் புடிச்சுக்குவேன். நான் கரண்ட் ஆபீஸ்ல போன் எடுத்தவ. அதனால போன் எடுக்கறதைப் பத்தித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

“இன்னிக்கு ராத்திரி ஒங்க வூட்டு கரண்ட்டை கட் பண்ணப் போறோம், ஒடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க”ன்னு இப்ப ஊரெல்லாம் மெசேஜ் வருதாமே? ஏதோ புதுசா முளைச்ச வியாதி மாதிரி பேசிக்கிறீங்க. புதுசெல்லாம் ஒண்ணும் இல்ல. செல்போன் ஒருத்தர் ரெண்டு பேர் இடுப்புல தொங்க ஆரம்பிச்ச காலத்துலயே இந்த வித்தை எங்க பக்கம் வந்துட்டுப் போயிடுச்சு. வந்ததுக்குக் கதவைத் திறந்து விட்டவளே நான்தான். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

எந்த ஊரு ஆபீஸ்னு கேக்காதீங்க, செந்துறைப் பக்கம்னு வச்சுக்குங்க. சின்ன ரூம், ஒரு மேஜை, மேஜை மேல கறுப்பு போன். ஜன்னலைத் திறந்தா சுண்ணாம்புக்கல்லு லாரி கிளப்பற புழுதி, சாத்தினா புழுக்கம். கரண்ட் போனா போன் வரும். கரண்ட் வந்தாலும் போன் வரும், “வந்துடுச்சுக்கா”ன்னு சொல்றதுக்கு. ஒரு அம்மா தினம் சாயங்காலம் அடிச்சி, “சீரியல் முடியற மட்டும் பாத்துக்கக்கா”ன்னு சொல்லும், என்னமோ கரண்ட்டை நான் முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கற மாதிரி. சுத்துப்பட்டு ஊருல யாருக்கும் என் பேரு தெரியாது. எல்லாருக்கும் நான் போனக்கா.

எங்க லைன்மேன் பேரு கலியபெருமாள். ஒல்லியான ஆளு, சத்தமாப் பேசத் தெரியாது. பில்லு கட்டாத வூட்டுக்கு பியூஸ் புடுங்கப் போனா, மொதல்ல வாசல்ல நின்னு மன்னிப்புக் கேப்பாரு. உள்ள மிக்சி ஓடற சத்தம் கேட்டா, சட்னி அரைச்சி முடியற வரைக்கும் ஏணியைச் சாச்சி வச்சிட்டு நிப்பாரு. “யோவ், நீ பியூஸ் புடுங்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?”ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். “பசிக்கிற நேரம்க்கா”ம்பாரு.

லைன் கிளியர் வாங்கறது எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்காகச் சொல்றேன். லைன்மேன் கம்பத்துல ஏறணும்னா சப்-ஸ்டேஷன்ல கரண்ட்டை நிறுத்தணும். அவரு கிராமத்து பூத்துலேர்ந்து போன் பண்ணுவாரு. சப்-ஸ்டேஷன் ஆளு பேரு கேட்டு, எந்த லைன்னு கேட்டு, எழுதிக்கிட்டு போனை வச்சிடுவாரு. அப்பறம் அவரே அந்த பூத்துக்குத் திரும்ப அடிச்சி, கேட்டதையே மறுபடி கேட்டு, ஒரு நம்பர் குடுப்பாரு. வேலை முடிஞ்சி கரண்ட் விடணும்னா, வாங்கின அதே ஆளு, அதே நம்பரைச் சொல்லி, சொந்தக் குரல்ல கேக்கணும். அவரு அண்ணன் சொன்னாலும் கிடையாது, கலெக்டர் சொன்னாலும் கிடையாது.

சப்-ஸ்டேஷனும் எங்க ஆபீசும் ஒரே காம்பவுண்டு. ஒரு நாள் நான் அங்க தண்ணி எடுக்கப் போயிருந்தப்ப ஒரு போன். “கலியபெருமாள் பேசறேன், வேலை முடிஞ்சிடுச்சு, லைனை வுடலாம்.” எங்க ஆளு, “நம்பரைச் சொல்லுங்க”ன்னாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து, “நம்பரெல்லாம் எதுக்குங்க, மேட்ச் ஆரம்பிச்சிடுச்சுங்க”ன்னு உண்மை தானா வந்து விழுந்துச்சு. பேசினது அந்த ஊரு டீக்கடைக்காரரு. கடையில டி.வி. வச்சிருக்காரு, கிரிக்கெட் பாக்க கூட்டம் உக்காந்திருக்கு, அவருக்குப் பொறுக்கல. அந்த நேரம் கலியபெருமாள் கம்பத்து மேல ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சிக்கிட்டு இருந்தாரு. நம்பரைக் கேக்காம விட்டிருந்தா ஆளு கரிக்கட்டையாத்தான் கீழ வந்திருப்பாரு. நான் அன்னிக்கு முழுக்க அதையே சொல்லிப் பொலம்பிக்கிட்டு இருந்தேன். அவரு என்னடான்னா எறங்கி வந்து, அந்த டீக்கடையிலயே டீ குடிச்சிட்டு வந்தாரு.

இந்தக் கதையை நான் ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். ஆனா சப்-ஸ்டேஷன் போனுக்கு இருந்த புத்தி என் மேஜை போனுக்கு இல்லாம போச்சு.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பியூஸ் புடுங்கற நாள் வரும். பில்லு கட்டாதவங்க பேரை லிஸ்ட் போட்டு கலியபெருமாள் கையில ஒண்ணு குடுப்போம், ஆபீஸ்ல ஒண்ணு வச்சுக்குவோம். அன்னிக்குக் காலையில மேலாபீஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் போன் பண்ணி, “லிஸ்டைப் படி”ம்பாரு. ஹலோ கிடையாது, பேரு கிடையாது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்னு படிப்பேன். போன்ல நிக்கறது அவருக்குத் தெரியவா போவுதுன்னு நீங்க சிரிக்கலாம். ஆனா உக்காந்துகிட்டே பேசினா குரல்ல தெரிஞ்சிடும்னு எங்களுக்கெல்லாம் ஒரு பயம். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரே ஒரு தடவ, “யாருங்க பேசறது?”ன்னு கேட்டுட்டேன். “என் குரல் தெரியாத ஆளுக்கு அந்த சீட்டு எதுக்கு?”ன்னு அவரு போட்ட சத்தத்துல, மேஜை மேல இருந்த பேனா உருண்டு விழுந்த மாதிரி எனக்கு ஞாபகம். அதுக்கப்பறம் நான் கேட்டதே இல்ல.

அந்த வருஷம் மார்ச் மாசம். பிளஸ் டூ பரிச்சை நடந்துகிட்டு இருந்துச்சு. காலையில பத்து மணிக்கு போன் அடிச்சது. “ம்... லிஸ்டைப் படி.” அதே கட்டைக் குரல், அதே எரிச்சல். எழுந்து நின்னேன். பதினோரு பேரு. பேரு, ஊரு, சர்வீஸ் நம்பர் எல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். “போறது யாரு?”ன்னு கேட்டான். “லைன்மேன் கலியபெருமாள் சார்.” “எந்த ஊரு மொதல்ல?” அதையும் சொன்னேன். வச்சிட்டான். எப்பவும் கேக்காத கேள்வி ரெண்டு கேக்கறானேன்னு மனசுல ஒரு மூலையில தோணிச்சு. தோணினதைத் தட்டி ஒதுக்கிட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

பன்னண்டு மணிக்கு மறுபடி போன். ஒரே கூச்சல். ஒரு ஆம்பளைக் குரல், “ஒங்க ஆளைப் புடிச்சி உக்கார வச்சிருக்கோம், போலீசைக் கூப்புடவா, நீங்க வர்றீங்களா?”ங்குது. என்னய்யா விஷயம்னு கேட்டா, அந்த வூட்டு அம்மா செல்வாம்பாள் போனை வாங்கி அழுவுது. செல்வாம்பாளை எனக்குத் தெரியும். அது வூட்டுக்காரர் துபாய்ல கொத்தனாரு. அவரு வாரத்துக்கு ஒருக்கா பேசறதுக்காகவே வூட்டுல போன் வச்சிருந்தாங்க. அண்ணன் வூட்டுக் கல்யாணத்துக்குப் போன எடத்துல பில்லு கட்டற நாளைக் கோட்டை விட்டுடுச்சு.

காலையில அதுக்கு ஒரு போன் வந்திருக்கு. “கரண்ட் ஆபீஸ் இன்ஜினீயர் பேசறேன். ஒங்க பேரு லிஸ்டுல மூணாவது இருக்கு. மத்தியானம் கலியபெருமாள் வந்து பியூஸைப் புடுங்கிடுவாரு. திரும்பப் போட ஒரு வாரம் ஆவும். அதுக்குள்ள நம்ம ஆளு ஒருத்தர் காக்கிச் சட்டையில வருவாரு, அவர்கிட்ட கட்டிட்டா பேரை எடுத்துடறேன்.” செல்வாம்பாள் பொண்ணுக்கு மறுநாள் பிசிக்ஸ் பரிச்சை. அந்தம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காக்கிச் சட்டை வந்திருக்கான். கையில அவ்வளவு காசு இல்லன்னதும், “பரவால்லம்மா, தோட்டைக் குடுங்க, ஆபீஸ்ல வச்சிருக்கோம், பணம் கட்டிட்டு வாங்கிக்குங்க”ன்னிருக்கான். கழட்டிக் குடுத்துடுச்சு. ஒரு சீட்டுல என்னமோ கிறுக்கி ரப்பர் ஸ்டாம்பு வேற குத்திக் குடுத்திருக்கான். அப்பறம் பாத்தா அது ஏதோ உரக்கடை ஸ்டாம்பு.

அவன் போயி ஒரு மணி நேரம் கழிச்சி நம்ம கலியபெருமாள் சைக்கிள்ல ஏணியோட போயி நின்னு, “மன்னிச்சுக்குங்கம்மா, பியூஸை எடுத்துக்கறேன்”ன்னு சொல்லியிருக்காரு. எப்படி இருக்கும்? ஊரே கூடிடுச்சு.

“ஏம்மா, கவர்மென்டு ஆபீஸ்ல தோட்டை வாங்கி வைப்பாங்களா? யோசிக்க வேணாமா?”ன்னு நான் செல்வாம்பாள்கிட்ட எரிஞ்சி விழுந்தேன். எனக்கு அப்ப வாய் கொஞ்சம் நீளம். அழுகையை நிறுத்திட்டு அது கேட்டுச்சு: “என் சர்வீஸ் நம்பரைச் சொன்னான்க்கா. எங்க வூட்டுக்காரர் பேரைச் சொன்னான். நான் மூணாவது ஆளுன்னு சொன்னான். வரப்போறவரு பேரைச் சொன்னான். இதெல்லாம் ஒங்க ஆபீசை விட்டா யாருக்குக்கா தெரியும்?”

லிஸ்டு என் மேஜை மேலதான் இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன். மூணாவது பேரு செல்வாம்பாள் வூட்டுக்காரர் பேரு. நான் படிச்ச வரிசை மாறாம அந்தப் பாவி சொல்லியிருக்கான். பேரும் ஊரும் தெரிஞ்சா போதும், டெலிபோன் டைரக்டரியைப் பொரட்டினா நம்பர் கெடைச்சிடும். திருடனுக்கு சாவியை நானே எடுத்துக் குடுத்திருக்கேன், அதுவும் எழுந்து நின்னு.

எங்க செக்‌ஷன் இன்ஜினீயர், ஏ.இ.ன்னு சொல்லுவோம், அரியலூருக்கு மீட்டிங் போயிருந்தாரு. ஆபீஸ்ல நான் ஒருத்திதான். எனக்கு மொதல்ல என்ன தோணிச்சு தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன். நான் படிச்சது யாருக்கும் தெரியாதுல்லன்னுதான் தோணிச்சு. எனக்கும் வூட்டுல ரெண்டு புள்ளைங்க, என் சம்பளத்துலதான் அடுப்பு எரியும். அதுக்குள்ள செல்வாம்பாள், “இந்தாங்க, ஒங்க ஆளு பேசறாராம்”னு போனைக் குடுத்துடுச்சு.

“கலியபெருமாளு, லிஸ்டை நான்தான்யா படிச்சேன். பெரிய ஆபீசர்னு நெனச்சி படிச்சிட்டேன்.” சொல்லிட்டேன். அவரு குரலைக் கேட்டப்பறம் மறைக்க முடியல.

கூட்டத்து இரைச்சலுக்கு நடுவுல மெதுவாக் கேட்டாரு: “லிஸ்டுல போன் இருக்கற வூடு வேற எது எதுக்கா?”

“மூணு இருக்கும்யா.”

“அவங்களுக்கு மொதல்ல அடிங்க. என்னை அப்பறம் பாத்துக்கலாம். நான் இங்க நல்லா நெழல்லதான் உக்காந்திருக்கேன்.”

அடிச்சேன். மொத வூட்டுல எடுக்கல. ரெண்டாவது வூட்டுல ஒரு பையன், யாரும் போன் பண்ணலன்னான். பண்ணினா நம்பாதேன்னு சொல்லி வச்சேன். மூணாவது வூடு பரிமளாவோடது. முந்திரிக்கொட்டை ஒடைக்கறதை வூட்டுலயே தொழிலா வச்சிருந்தது அந்தம்மா. கொல்லையில எப்பவும் எட்டுப் பத்து பொம்பளைங்க கட்டையும் கையுமா உக்காந்து ஒடைச்சிக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு வாயும் எட்டூருக்குக் கேக்கும்.

“யாரது?”

“கரண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்மா.”

“கரண்ட் ஆபீஸ்காரரு என் எதிர்ல உக்காந்து மோர் குடிச்சிக்கிட்டு இருக்காரு. நீ எந்த ஆபீஸ்?”

அய்யோ கடவுளேன்னு ஆயிடுச்சு. அவன் காதுலயும் விழற மாதிரி கேட்டுடுச்சு. நான் என் பேரைச் சொன்னா அதுக்குத் தெரியாது. போனக்கான்னு சொன்னா, “காலையில பேசின இன்ஜினீயரும் இப்படித்தான் எல்லாம் சொன்னாரு, ஒன்னை மட்டும் நான் எதை வச்சி நம்பறது?”ங்குது. கேள்வி சரியான கேள்விதான். நான் காலையில கேட்டிருக்க வேண்டிய கேள்வி. போன்ல வர்ற குரலுக்கு மூஞ்சி கெடையாதே. நான் எவ்வளவு அழுது சொன்னாலும், அந்தத் திருடனும் அதே மாதிரி அழ முடியும்.

அப்பத்தான் எனக்கு சப்-ஸ்டேஷன் ஞாபகம் வந்துச்சு. நம்பாதே, போனை வை, திரும்ப அடி.

“பரிமளா, என்னை நம்ப வேணாம். ஒன் மீட்டர் பக்கத்துல ரீடிங் எழுதற வெள்ளை அட்டை தொங்குதுல்ல? அதுல மேல நீல மையில ஒரு போன் நம்பர் எழுதியிருக்கும். போனை வச்சிட்டு, நீயே அந்த நம்பருக்கு அடி. நான் எடுத்தா நான் ஆபீஸ். வேற யாராவது எடுத்தா நான் திருடி. அவனுக்குத் தெரிய வேணாம்.”

டக்குன்னு வச்சிடுச்சு.

அந்த நீல மை நம்பர் இருக்கே, அதை எழுதினதே நான்தான். புது அட்டை வந்தப்ப எங்க ஏ.இ. ஒவ்வொரு அட்டையிலயும் ஆபீஸ் நம்பரைக் கையால எழுதுன்னாரு. கட்டுக் கட்டா அட்டை. விரல் வீங்கிப் போயி, அவரு பொண்டாட்டி புள்ளையெல்லாம் சேத்து நான் திட்டித் தீத்த வேலை அது. இப்ப அந்த அட்டை ஒண்ணுதான் எனக்குத் தொணை.

போனைப் பாத்துகிட்டே நிக்கறேன். அடிக்கல. அவன் அட்டையைப் புடுங்கிட்டானா, அந்தம்மாவை ஏதாவது பண்ணிட்டானா, என்னென்னமோ ஓடுது மனசுல. மணி அடிச்சது. பாய்ஞ்சி எடுத்தேன். “அக்கா, எங்க தெருவுல கரண்ட் எப்ப வரும்?” யாரோ ஒரு மவராசன். “வரும், வைய்யா!”ன்னு கத்தி வச்சேன். பாவம், அவரு அதுக்கப்பறம் ஒரு மாசம் போனே பண்ணல.

மறுபடி அடிச்சது.

“யாரு?” பரிமளா குரல்.

“நான்தான்மா.”

ஒரு மூச்சு விடற சத்தம். அப்பறம் போன்ல பேசறோம்ங்கறதையே மறந்துட்டு, “ஏ புள்ளைவளா! போட்டது போட்டபடி எந்திரிச்சி வாங்கடி!”ன்னு ஒரு கத்து. என் காது ரெண்டு நாளைக்கு ஙொய்யுன்னுது.

நடந்ததை அப்பறம் பரிமளாவே வந்து சொல்லிச்சு. நான் மொதல்ல போன் பண்ணினப்ப அந்தக் காக்கிச் சட்டை சிரிச்சிக்கிட்டே, “இப்படித்தாம்மா, போலியா நெறைய போன் வருது, ஜாக்கிரதையா இருங்க”ன்னு புத்தி சொன்னானாம்! அந்தத் தைரியத்துலதான் எழுந்து ஓடாம உக்காந்திருக்கான். இதுவும், “ஆமாங்கய்யா, இருங்க, அட்டையும் பணமும் எடுத்தாரேன்”னு உள்ள போயி, அட்டையைப் பாத்து எனக்கு அடிச்சிருக்கு. முந்திரிக்கொட்டை ஒடைக்கறவங்க கை எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல? ஓட்டுல இருக்கற எண்ணெய் பட்டா தோலு வெந்து போவும். அதுக்குத்தான் சாம்பலைத் தடவிக்கிட்டு ஒடைப்பாங்க. சாம்பலும் எண்ணெயுமா எட்டு ஜோடிக் கை அவனைப் புடிச்சா என்ன ஆவும்? போலீஸ் வர்றதுக்குள்ள, “என்னை ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க”ன்னு அவனே கெஞ்சினானாம். சட்டைப் பையில செல்வாம்பாள் தோடு இருந்துச்சு.

தோடு சாயங்காலமே காதுக்குத் திரும்பிடுச்சு. கலியபெருமாளையும் விட்டுட்டாங்க. நல்லபடியா முடிஞ்சிதுன்னு நீங்க நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

போன்ல பேசினவன் இன்னிவரைக்கும் சிக்கல. அவனைக் காப்பாத்தறதுக்காக இந்தக் காக்கிச் சட்டை ஸ்டேஷன்ல ஒரே வார்த்தை சொல்லிட்டான்: “லிஸ்டைக் குடுத்தது ஒங்க லைன்மேன்தான்.” அடுத்த வாரமே மேலாபீஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் விசாரணைக்கு வந்துட்டாரு. சஸ்பென்ஷன் ஆர்டர் டைப் பண்ணி, கையெழுத்துக்கு மட்டும் எடம் விட்டு, ஃபைல்ல இருந்துச்சு. நான் வெளிய என் சீட்டுல. கதவு பாதி திறந்திருக்கு.

“லிஸ்டு ஒன் கையில இருந்துச்சு. வெளிய எப்படிப் போச்சு?”

“தெரியலைங்க சார்.”

“ஒன்னைத் தவிர யாருகிட்ட இருந்துச்சு?”

“தெரியலைங்க சார்.”

அவருக்குத் தெரியும். நானே என் வாயால சொல்லியிருக்கேன். அவரு பொண்ணுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் பேசிக்கிட்டு இருந்தாங்க. வேலை போச்சுன்னா சம்பந்தமும் போச்சு. அப்படி இருந்தும் அந்த மனுஷன் என் பேரை எடுக்கல. அவங்களே சொல்லாதப்ப நாம ஏன் காட்டிக் குடுக்கணும்னு நெனச்சாரோ, புள்ளைங்களோட இருக்கறவளாச்சேன்னு நெனச்சாரோ. மூணாவது தடவையும் “தெரியலைங்க சார்”னாரு. கம்பத்துல நின்னப்ப அவரு உசுரைக் காப்பாத்த ஒரு கேள்வி கேக்க ஆளு இருந்துச்சு. இங்க அவரு சோத்தைக் காப்பாத்த பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

உள்ள போனேன். “சார், நான் படிச்சேன்.”

“என்னது?”

“காலையில பத்து மணிக்கு போன் வந்துச்சு சார். நீங்கன்னு நெனச்சி மொத்த லிஸ்டையும் படிச்சேன். கலியபெருமாளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“அன்னிக்கு நான் மீட்டிங்ல இருந்தேன். போன் பண்ணவே இல்லையே!”

“பண்ணல சார். ஆனா பண்ணினா இப்படித்தான் சார் இருக்கும்.”

அவரு மூஞ்சி செவந்து போச்சு. “யாருன்னு கேக்க மாட்டியா? அறிவு இல்ல?”

“கேட்டா நீங்க திட்டுவீங்க சார்.”

தைரியத்துல சொன்னதுன்னு நெனச்சிடாதீங்க. அழுதுகிட்டேதான் சொன்னேன். அதை அப்படியே எழுதிக்குடுன்னாரு. எழுதிக் குடுத்தேன், கையெழுத்தும் போட்டேன். அந்த டைப் பண்ணின ஆர்டரை அவரு ஃபைல்லேர்ந்து உருவி நாலா மடிச்சாரு. எனக்கு மெமோ வந்துச்சு, ஒரு இன்கிரிமென்ட் போச்சு. வெளிய வந்ததும் கலியபெருமாள், “ஏன்க்கா, நான் சமாளிச்சிருப்பேன்ல?”ன்னாரு. “நீ சமாளிச்ச லட்சணத்தைத்தான் கேட்டுகிட்டு இருந்தேனே, போய்யா”ன்னு விரட்டி விட்டேன். அப்பறம் பாத்ரூமுக்குள்ள போயி இன்னொரு தடவை அழுதேன்.

அதுலேர்ந்து ரீடிங் எடுக்கப் போற ஆளுங்ககிட்டயெல்லாம் சொல்லி அனுப்பினேன். வூட்டுல இருக்கறவங்ககிட்ட அட்டை நம்பரைக் காட்டுங்க. ஆபீஸ்னு சொல்லி யாரு போன் பண்ணி அவசரப்படுத்தினாலும் வச்சிட்டு, அட்டையைப் பாத்துத் திரும்ப அடிக்கச் சொல்லுங்க. நெஜ ஆபீஸ் எங்கயும் ஓடிப்போவாது. பதறாத காரியம் சிதறாது. இப்ப ஒங்ககிட்ட அட்டை இருக்கோ, வேற என்ன இருக்கோ எனக்குத் தெரியல. திரும்ப அடிக்கற நம்பர், கூப்பிட்டவன் குடுத்த நம்பரா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏமாந்துட்டு வர்றவங்களை, நான் செல்வாம்பாளைத் திட்டின மாதிரி திட்டாதீங்க. அது கேட்ட ஒரு கேள்விலதான் எனக்குக் கண்ணு திறந்துச்சு.

ரெண்டு மாசம் போச்சு. மறுபடி பியூஸ் புடுங்கற நாள். கலியபெருமாள் வாசல்ல ஏணியைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு இருக்காரு. பத்து மணிக்கு போன் அடிச்சது.

“லிஸ்டைப் படி.”

அவரு குரல்தான். எனக்கு நல்லாத் தெரியுது. ஆனா அன்னிக்கும் எனக்கு நல்லாத்தானே தெரிஞ்சிது.

“போனை வைங்க சார். நான் ஆபீஸ் நம்பருக்குத் திரும்ப அடிக்கிறேன்.”

“என்னது?”

“வைங்க சார்.”

நானே வச்சிட்டேன். கலியபெருமாள் கயித்தைப் புடிச்ச கையோட அப்படியே நிக்கறாரு. உள்ள ஏ.இ. ஃபைலை மூடிட்டு எட்டிப் பாக்கறாரு. மேலாபீஸ் நம்பரைச் சுத்தினேன். அந்தப் பக்கம் மணி ரெண்டு தடவை அடிச்சது. எடுத்தாரு.

தொண்டையைச் செருமிக்கிட்டு, தன் பேரைச் சொன்னாரு. இனிஷியலோட, பதவியோட. ஆறு வருஷமா கேட்ட குரல், அன்னிக்குத்தான் அதுக்குப் பேரு வந்துச்சு.

“ம்... படிங்கம்மா.”

படிச்சேன். மொத பேருலேர்ந்து கடைசிப் பேரு வரைக்கும், உக்காந்துகிட்டே.